எவர்சில்வர் போல்ட் போட்டால் எஞ்சின் பிழைக்குமா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் தமிழ்நாட்டு வீடுகள் வைத்த பெயர் எவர்சில்வர். என்றைக்கும் வெள்ளி! கறுக்காது, களிம்பு ஏறாது, புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். சீர்வரிசைக் குடம் முதல் பேர் வெட்டிய டம்ளர் வரை அந்த ஒரு நம்பிக்கையில்தான் வீட்டுக்குள் வந்தன. நம்பிக்கை சமையலறையோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பழைய கார்களின் எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டுகிறவர்களிடமும் அது வேறு வேஷத்தில் உலவுகிறது. 'துருப்பிடிக்காதது என்றால் உசத்தி, உசத்தி என்றால் பலம்' என்று ஒரு கணக்கு. கழற்றிய போல்ட்களையெல்லாம் துருவோடு டப்பாவில் போட்டுவிட்டு, பதிலுக்கு ஸ்டெயின்லெஸ் செட் ஒன்றை வாங்கி எஞ்சின் முழுக்க மாட்டிவிடுகிறார்கள். பார்க்கச் சும்மா சொல்லக்கூடாது, பளபளவென்றுதான் இருக்கிறது.

ஆனால் அது தப்பான பேரம். எஞ்சினின் வெளிப்புறத்தில் சில இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ் அருமையான பொருள். உள்ளே, சுமை தாங்குகிற இடங்களில், அதைப் போடுவது காசு கொடுத்து வினையை வாங்குவது. இரண்டுக்கும் ஒரே பாக்கெட் என்பதுதான் கோளாறே.

பேச்சுக்கு ஒரு எஞ்சின் வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது இதன் 1798 சிசி வடிவம். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார் என்பதால் இன்றைக்கும் பழைய கார் பிரியர்கள் அதிகம் பிரித்துக் கட்டும் எஞ்சின்களில் இது ஒன்று. இதன் 1489 சிசி அண்ணன் நம் ஊருக்கும் பழக்கமானவர்தான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக வந்து, அம்பாசிடர் காரின் பானெட்டுக்குள் பல்லாண்டுகள் குடியிருந்தார். 2014இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் நின்றுபோனாலும், ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னும் அதைப் பிரித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும்தான் இருக்கிறார்கள். பிளாக்கும் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இது முக்கியம், பின்னால் தேவைப்படும்.

முதலில் போல்ட் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு துண்டுகளைக் கோத்து வைக்கும் ஆணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிஜத்தில் அது ஒரு ஸ்பிரிங். டைட் வைக்க வைக்க போல்ட் கண்ணுக்குத் தெரியாமல் நீள்கிறது. நீண்டது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. திரும்ப முடியாத அந்த இழுப்புதான் இரண்டு துண்டுகளையும் அழுத்திப் பிடிக்கிறது. 50 மில்லிமீட்டர் நீளப் பிடிப்பில் இருக்கும் ஒரு ஸ்டீல் போல்ட், சதுர மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன் இழுவிசையில், சுமார் 0.08 மில்லிமீட்டர் நீளும். ஒரு தலைமுடி கனம். எஞ்சின் ஒன்றாக நிற்பது இந்தத் தலைமுடி கனத்தை நம்பித்தான்.

ஸ்பிரிங் என்றால் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு பளபளக்கும் என்பதல்ல. எவ்வளவு இழுத்தால் அது திரும்பாமல் நிரந்தரமாக நீண்டுபோகும் என்பது. இதற்கு விடை போல்ட்டின் தலையிலேயே எழுதியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. சாதாரண ஹைடென்சைல் போல்ட்டின் தலையில் 8.8 என்று இருக்கும். முதல் எட்டை நூறால் பெருக்கினால் 800. அதுதான் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டனில் அறும் என்ற கணக்கு. புள்ளிக்குப் பிந்தைய எட்டு, அதில் பத்தில் எட்டு பங்கு, அதாவது 640இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்கிறது. 10.9 என்றால் 1000, 900. 12.9 என்றால் 1200, 1080. கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் பெரும்பாலும் ஏ2-70 என்று இருக்கும். அது 700இல் அறும். நிரந்தரமாக நீளத் தொடங்குவது 450இலேயே! கடல் காற்றுக்கும் தாங்கும் ஏ4-80 ரகம் 800, 600. ஆக, உசத்தி என்று காசு கூடக் கொடுத்து வாங்கிய ஏ2-70, ஸ்பிரிங் கணக்கில் சாதா 8.8ஐ விட முப்பது சதவீதம் சோப்ளாங்கி.

ஏன் இப்படி? சாதாரண ஹைடென்சைல் போல்ட்டைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் ஏற்றுகிறார்கள். கொல்லன் அரிவாளுக்குச் செய்கிற அதே காரியம், அளவோடு. போல்ட் செய்யும் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல் வகை ஸ்டெயின்லெஸ் இந்தப் பதத்துக்கு மசியாது. காய்ச்சி முக்கினால் இன்னும் மெத்தென்றுதான் ஆகும். குளிர்ந்த நிலையில் அடித்தும் இழுத்தும் ஏற்றுகிற பலம்தான் அதற்கு உண்டு. இத்தனைக்கும் ஸ்டெயின்லெஸ்ஸின் கதை பீரங்கி பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி தேடியது துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க ஒரு உலோகம். கிடைத்தது கத்தி, முள்கரண்டிக்கு ஆகும் உலோகம். அதே காலத்தில் ஜெர்மனியில் குருப் ஆலையில் உருவானதுதான் நிக்கல் சேர்ந்த வகை, நம் டம்ளரின் தாத்தா. இரண்டுமே தேவைக்கு ஏற்ற இடத்தில் ஜெயித்தவை. கனெக்டிங் ராட் போல்ட் அந்த இடங்களில் ஒன்றல்ல.

கனெக்டிங் ராடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எம்.ஜி.பி எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 88.9 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது, பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று திரும்பும் அந்தக் கணத்தில், அதைப் பிடித்து இழுத்துத் திருப்புவதற்குப் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1,500 மடங்கு வேகமாற்றம் தேவைப்படுகிறது. அங்கே ஒரு கிலோ எடை இருந்தால் அது ஒன்றரை டன் போல இழுக்கும். இந்த இழுப்பைத் தாங்குவது ராடின் அடியில் மூடியைப் பிடித்திருக்கும் இரண்டே இரண்டு போல்ட்கள். ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு. மணிக்கு மூன்று லட்சம்.

டைட் வைத்த இறுக்கம் இந்த இழுப்பை விட அதிகமாக இருக்கும்வரை போல்ட்டுக்கு ஏற்ற இறக்கம் அதிகம் தெரியாது. நிம்மதியாக இருக்கும். இறுக்கம் குறைந்தால், மூடி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வாய் திறந்து மூடும், முழுச் சுமையும் போல்ட்டின் தலையில் விழும், லட்சக்கணக்கான தடவை. கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிற கதைதான். போல்ட் அறுந்தால் ராட் சும்மா விழாது. சுற்றுகிற கிராங்க்ஷாஃப்ட் அதைத் தூக்கி பிளாக்கின் பக்கச் சுவர் வழியாக வெளியே எறியும். வார்ப்பிரும்பு பிளாக்கில் கை நுழையும் ஓட்டை. அந்த பிளாக்கை வார்த்த ஆலை இன்றைக்கு இல்லை. அந்தக் காரோடு பிறந்த நம்பர் பொறித்த பிளாக் இன்னொன்று கிடையவே கிடையாது. மெயின் பேரிங் மூடி, ஃப்ளைவீல், சிலிண்டர் ஹெட் ஸ்டட் எல்லாம் இதே வகையறா. எம்.ஜி.பி கையேடு மெயின் பேரிங்குக்குச் சொல்லும் டைட் 70 அடி-பவுண்டு, ஹெட்டுக்கு 45 முதல் 50. அதே கையேடு மேலே இருக்கும் ராக்கர் கவருக்குச் சொல்வது வெறும் 4. எழுபதும் நாலும்! இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே சாதி போல்ட் போதும் என்று சொல்கிறவருக்கு எங்கேயோ மரை கழன்றிருக்கிறது என்றுதான் அர்த்தம் :-)

இன்னொன்று, சூடு. வார்ப்பிரும்பும் சாதாரண ஸ்டீலும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவு விரியும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 11, 12 பங்கு. ஸ்டெயின்லெஸ் 17. மேலே சொன்ன 50 மில்லிமீட்டர் பிடிப்பை 100 டிகிரி சூடாக்கினால், ஸ்டெயின்லெஸ் போல்ட் வார்ப்பிரும்பை விட 0.03 மில்லிமீட்டர் அதிகம் நீளும். சின்னத் தொகை மாதிரித் தெரியும். ஆனால் மொத்த ஸ்பிரிங் நீட்சியே 0.08தான் என்பதை மறக்கக்கூடாது. எஞ்சின் சூடானதும் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது. பிடிப்பு அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்து! அலுமினியம் என்றால் கணக்கு தலைகீழ். அது 23 விரியும், ஆகவே ஸ்டீலை விட ஸ்டெயின்லெஸ்ஸே அதற்கு நெருக்கமான ஜோடி. பொருள் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை, எதோடு ஜோடி சேர்கிறது என்று கேட்க வேண்டும்.

டைட் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டார்க் ரெஞ்சில் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உரசலுக்கே போய்விடுகிறது, பாதி தலைக்கு அடியில், மீதி மரையில். போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒன்றுதான். கையேட்டில் உள்ள எண்கள் ஸ்டீல் மேல் ஸ்டீல் உரசுவதை வைத்துப் போட்டவை. ஸ்டெயின்லெஸ்ஸின் உரசல் வேறு, அதுவும் ஒரு போல்ட்டுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. அதே 45ஐ வைத்தால் ஒன்று லூசாகவும் இன்னொன்று தாறுமாறாகவும் நிற்கும். ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும். அது முறுக்கைத்தான் சொன்னதே தவிர பிடிப்பைச் சொல்லவில்லை.

உரசல் முற்றினால் நடப்பது இன்னும் வேடிக்கை. (வேடிக்கை பார்ப்பவர்களுக்கு.) ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலே தானாகப் படரும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு தோல். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் வேகமாக ஏற்றும்போது, மரையின் அழுத்தத்தில் அந்தத் தோல் உரிந்துபோகும். உள்ளே இருக்கும் பச்சை உலோகம் இன்னொரு பச்சை உலோகத்தைத் தொடும். இரண்டும் ஒரே இனம், ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் ராடும் இல்லாமல் நெருப்பும் இல்லாமல் ஒரு வெல்டிங்! நட் பாதி தூரத்தில் நிற்கும். முன்னேயும் வராது, பின்னேயும் போகாது. பலம் கொடுத்தால் ஸ்டட் முறியும். ரம்பத்தை எடுத்து அறுப்பதுதான் வழி. காற்றில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சை வைத்து ஸ்டெயின்லெஸ் நட்டை ஓட்டுவது இந்தக் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுப்பது மாதிரி. கையால் மெதுவாக ஏற்ற வேண்டும், செம்பு அல்லது நிக்கல் கலந்த பிடிபடாத கிரீஸ் மரையில் தடவ வேண்டும், நட்டையும் போல்ட்டையும் வேறு வேறு ரகத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. கிரீஸ் தடவினால் உரசல் குறையும் என்பதால் டார்க் எண்ணையும் குறைக்க வேண்டும். மேலே சொன்ன பத்தில் ஒன்பது கணக்கு இங்கே திரும்பவும் கடிக்கும்.

இரண்டு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒன்று அரிக்கும் என்று சொல்லி ஸ்டெயின்லெஸ்ஸை அடியோடு ஒதுக்குகிறவர்களும் உண்டு. அது கொஞ்சம் மிகையான பயம். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை அலாரம் என்ற போர்க்கப்பலின் அடியில், புழு அரிக்காமலிருக்கச் செம்புத் தகடு போர்த்தியது. 1763இல் பார்த்தால், தகட்டைப் பிடித்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. தகடு சுற்றி வந்த காகிதம் தற்செயலாக இடையில் மாட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. அங்கே நடந்தது பெரிய செம்பு, சின்ன இரும்பு. அரிமானம் முழுவதும் சின்ன ஆணியின் மேல் குவிந்தது. எஞ்சினில் நிலைமை நேர்மாறு: சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட், பெரிய இரும்பு பிளாக். அரிமானம் பரந்து விரிந்துவிடுவதால் வேகம் குறைவு. ஆனாலும் ஒரு சந்தேகம் நியாயமானது. அரிப்பது எது? போல்ட் பளிச்சென்று இருக்கும், பிளாக்கில் வெட்டிய மரைதான் மெல்லப் பொடியாகும். சல்லிக் காசு போல்ட்டைக் காப்பாற்ற பிளாக்கைப் பலி கொடுப்பது எந்த ஊர் வியாபாரம்?

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. துரு அசிங்கம்தான், ஆனால் அது முன்கூட்டியே சொல்லிவிடும். ஸ்டீல் போல்ட் கெட்டுப்போனால் செந்நிறத்தில் கத்தும். ஸ்டெயின்லெஸ் கெடும்போது சில நேரம் சத்தமே போடாது. இழுவிசை, உப்பின் குளோரைடு, சூடு மூன்றும் சேர்ந்தால் மேலே ஒரு கறையும் காட்டாமல் உள்ளே மயிரிழை விரிசலாக ஓடும். 1985இல் ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல் குளத்தின் கான்கிரீட் உள்கூரை இப்படித்தான் விழுந்தது. தாங்கியிருந்த ஸ்டெயின்லெஸ் கம்பிகள் குளத்துக் காற்றின் குளோரைடால் விரிசல்விட்டு அறுந்தன. 12 பேர் இறந்தார்கள். குளிர்காலத்தில் பனி உருக உப்புக் கொட்டும் இங்கிலாந்துச் சாலைகளில் ஓடும் காருக்கு உப்பும் உண்டு, சூடும் உண்டு. நீச்சல் குளக் கூரையும் எக்ஸாஸ்ட் ஸ்டட்டும் ஒன்றல்லதான். ஆனால் 'துருப்பிடிக்கவில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது' என்ற தர்க்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

சரி, இவ்வளவு தெளிவான விஷயம் என்றால் ஏன் விற்கிறது? இது எஞ்சினியரிங் கேள்வியே அல்ல, காமர்ஸ் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியதுதான். விற்பவனுக்குக் காரின் லட்சணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் அவன் சராசரி விலைக்கு மேல் தரமாட்டான். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்கமாட்டார்கள். கடைசியில் சந்தையில் ஓட்டை உடைசல்தான் மிஞ்சும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது கூடப் பகிர்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஸ்பென்ஸ். கண்ணுக்குத் தெரியாத தரத்தை ஏதாவது ஒரு அடையாளத்தை வைத்துத்தான் மனிதர்கள் ஊகிக்கிறார்கள் என்பது அவர் ஆராய்ந்த விஷயம். போல்ட் கடைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? பலம் கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு தெரியும். வாங்குபவர் தெரிந்ததை வைத்துத் தெரியாததை எடைபோடுகிறார். வெளுத்ததெல்லாம் பால்.

தலையில் உள்ள எண்ணை நம்பலாமே என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. 1980களில் அமெரிக்காவில் தலையில் உயர்ந்த ரகக் கோடுகளைப் பொறித்து மட்ட ரக போல்ட்கள் ஏராளமாகப் புழங்கின. விசாரணை நடந்து, 1990இல் போல்ட் நட்டுக்கென்றே தரச் சட்டம் ஒன்று போட வேண்டியதாயிற்று. போல்ட்டுக்கு ஒரு பார்லிமெண்ட் சட்டம்! ஆகவே எண் மட்டுமல்ல, அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்கும் தயாரிப்பாளரின் முத்திரையும் தலையில் வேண்டும். இரண்டும் இல்லாத மொட்டைத் தலை போல்ட், எவ்வளவு மின்னினாலும், ராக்கர் கவருக்கு மேல் தகுதியில்லை. காந்தத்தை வைத்துப் பார்த்து 'ஒட்டவில்லை, ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்' என்று சொல்வதும் கவைக்குதவாது. குளிர்ந்த நிலையில் அடித்துச் செய்த நல்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் லேசாக ஒட்டத்தான் செய்யும்.

விலைக் கணக்கும் விசித்திரமானது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எஞ்சின் வேலைக்கு அப்படியே பொருந்தும். ஒரு போல்ட்டின் விலை டீ விலை. அது அறுந்தால் ஆகும் செலவில் எஞ்சினை இறக்குவது, பிரிப்பது, கிராங்க் கடைசல், புது பேரிங், கேஸ்கெட், மறுபடி ஏற்றுவது எல்லாம் சேரும். இப்படி விலைக்கும் சேதத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள பொருளில் மிச்சம் பிடிப்பதும் தப்பு, அழகுக்காக இன்னொரு ரகத்துக்கு மாறுவதும் தப்பு. நல்ல பெயருள்ள தயாரிப்பாளரின் புது ஹைடென்சைல் ராட் போல்ட்தான் அங்கே மலிவு.

'பந்தயக் கார்களில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்களே' என்று ஒரு எதிர்வாதம் வரும். போடுகிறார்கள். அமெரிக்காவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் ஸ்டெயின்லெஸ் ரகம் சதுர அங்குலத்துக்கு 1,70,000 பவுண்டு தாங்கும் என்று அறிவிக்கப்பட்டது, அதாவது 1,170 நியூட்டன் பக்கம். 10.9ஐ தாண்டிய சரக்கு. அது டம்ளர் ஜாதியல்ல, தனியாகக் கலந்து செய்தது, விலையும் தனி. அதைக் காட்டி ஏ2-70ஐ விற்பது, மருமகனின் சம்பளத்தைக் காட்டி மாமனார் கடன் வாங்குவது போல.

மரை அளவையும் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். பி-சீரிஸ் எஞ்சினின் மரைகள் பெரும்பாலும் யு.என்.எஃப், அங்குல அளவு. 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி, யுத்தத்தில் ஒருவர் நட் இன்னொருவர் போல்ட்டில் ஏறாமல் பட்ட பாட்டை நினைத்து ஒப்புக்கொண்ட குடும்பம் இது. ஆனால் மூலைக் கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் மெட்ரிக் அளவு. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். பக்கத்திலேயே 8 மில்லிமீட்டர் கண்ணடிக்கும். ஆனால் 5/16 யு.என்.எஃப் அங்குலத்துக்கு 24 மரை, சாதா 8 மில்லிமீட்டருக்கு 20 சொச்சம். முதல் சுற்று ஏறும், கை சந்தோஷப்படும், அதற்குப் பிறகு ஏறுவது போல்ட் அல்ல, பிளாக்கின் மரை அழிவது. எம்.ஜி. டிசி காரின் எக்ஸ்.பி.ஏ.ஜி எஞ்சின் இன்னும் கில்லாடி. அதை வார்த்த கவன்ட்ரி ஆலையை மோரிஸ் 1923இல் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியிடமிருந்து வாங்கினார். பிரெஞ்சு இயந்திரங்கள் மெட்ரிக் மரைதான் வெட்டும். பிரிட்டிஷ்காரர் கையில் இருப்பதோ விட்வொர்த் ஸ்பானர். ஆகவே மரை மெட்ரிக், தலை விட்வொர்த்! அதிலும் 8 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளி, கடையில் கிடைக்கும் 1.25 அல்ல. இந்த எஞ்சினுக்கு 'எல்லாம் ஒரே அளவுதான்' என்று யாராவது ஸ்டெயின்லெஸ்ஸை நீட்டினால் கும்பிடு போட்டு வந்துவிடுவது உத்தமம்.

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் எங்கே? ராக்கர் கவரில் தாராளமாக. அங்கே தேவை நாலு அடி-பவுண்டு, கண்ணில் படுவதும் அதுதான். டைமிங் கவர், குழாய் கிளிப்புகள், ஏர் கிளீனர், ஹீட் ஷீல்டு போன்ற லேசான இடங்களில் தடையில்லை. தெர்மோஸ்டாட் மூடி ஒரு சுவாரஸ்யமான இடம். எம்.ஜி.பியில் அது அலுமினியம், மூன்று ஸ்டட்கள் அதைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன, பக்கத்தில் சுடுநீர். வருடங்கள் போகப் போக ஸ்டீல் ஸ்டட்டின் துருவும் அலுமினியத்தின் வெள்ளைப் பொடியும் சேர்ந்து துளையை சிமெண்ட் போட்ட மாதிரி அடைத்துவிடும். மூடியைக் கழற்றப் போய் ஸ்டட்டை முறித்தவர்கள் கதை ஊருக்கு ஊர் உண்டு. இங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டட் நியாயமான தேர்வு, கிரீஸ் தாராளமாகத் தடவினால். தடவாமல் போட்டால் துரு மட்டும் குறையும், வெள்ளைப் பொடி தன் வேலையைப் பார்க்கும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான் ஆசை அதிகம் வருகிறது, ஏனென்றால் துரு அதிகம் தெரியும் இடம் அது. சூடு அதிகம், விரிவு வித்தியாசம் அதிகம், ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டட்டும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பும் அதிகம். அங்கே பிரிட்டிஷ் பட்டறைகள் அந்தக் காலத்திலேயே ஒரு வழி வைத்திருந்தன: ஸ்டீல் ஸ்டட்டில் நீளமான பித்தளை நட். பித்தளை இரும்போடு சேர்ந்து துருவாகிப் பிடிக்காது, மெத்தென்று இருப்பதால் ஸ்டட்டின் மரையையும் கெடுக்காது. கழற்றும்போது அதன் மரை போனால் போகட்டும், புதுசு நாலு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டட் முறியாமல் ஹெட்டிலேயே நிற்கும்.